பெயர் அறியப்படாத தோட்டக்காரரின் இல்லம்

கத்தரி அண்ணனைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய முதுகிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆள் நல்ல உயரம். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. ஆள் உயர வேலியைக் காலையில் தொடங்கினால் மதியத்துக்குள் ஒரு பக்கம் முடித்துவிடுகிற தெம்பு. ஆனால் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று பக்கத்தில் வந்து நின்றால் போதும், அந்த முதுகு தானாக வளைந்துவிடும். சட்டைக்குள் இருப்பது இயக்குநரா, மின்சார மீட்டர் பார்க்க வந்தவரா என்றெல்லாம் அது பார்க்காது. ஒருமுறை வழி கேட்க வந்த மருந்து விற்பனையாளர் ஒருவரிடம் இப்படி வளைந்து, அவருடைய பையை வாங்கி வாசல்வரை சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். யார் அது என்று கேட்டேன். தெரியாதாம், பார்த்தால் பெரிய ஆள் மாதிரி இருந்ததாம்.

நீளக் கைப்பிடி வைத்த வேலிக் கத்தரியைத் தோளில் போட்டுக்கொண்டே திரிவதால் அந்தப் பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

வேலை பார்க்கிற இடம், ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் தனக்காகப் போட்ட தோட்டம். கண்ட கண்ட தேசத்திலிருந்து செடிகளைக் கப்பலில் கொண்டுவந்து நட்டு, நடுவில் பங்களா கட்டி, சாயங்காலமானால் குடையின் கீழ் உலாவியிருக்கிறார். குடையைப் பிடித்தது அவர் இல்லை, பின்னால் நடந்த ஆள். துரை போனார், பங்களா அருங்காட்சியகம் ஆயிற்று, தோட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வந்தது. நான் அந்த அருங்காட்சியகத்தில் பதிவேட்டு எழுத்தர். துரையின் கைத்தடி, துரையம்மாவின் தொப்பிப் பெட்டி, அவர்கள் வீட்டு நாயின் தண்ணீர்க் கிண்ணம் என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு எழுதி வைப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு.

பங்களாவுக்குப் பின்னால், செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தைத் தாண்டி, தோட்டக்காரருக்கென்று அந்தக் காலத்திலேயே கட்டிய இரண்டு அறை வீடு ஒன்று உண்டு. அதில்தான் கத்தரி அண்ணனும் அண்ணியும் குடியிருந்தார்கள். மகளை அந்த வீட்டிலிருந்துதான் கட்டிக்கொடுத்தார்கள். வீடு அலுவலகத்துடையது. உள்ளே இருந்த அத்தனையும் அண்ணியுடையது. ஈரம் ஊறிய சுவரைச் சுரண்டி, சொந்தக் காசில் பெயின்ட் வாங்கி, தானே ஏணி போட்டு ஏறி நீல வண்ணம் அடித்தவர் அண்ணி. அண்ணனுக்கு இல்லாத முதுகெலும்பையும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தவர். காலை பதினொரு மணிக்கு நான் அங்கே போனால் டீ வரும். கூடவே இயக்குநரைப் பற்றி நான் வாய்விட்டுச் சொல்லப் பயப்படுகிற எல்லாவற்றையும் அண்ணி சொல்லிவிடுவார். அதற்காகவே போவேன்.

இப்படி இருந்த இடத்தில்தான் மேடம் வந்து இறங்கினார்.

மேடம் என்றால் கண்காட்சி வடிவமைப்பாளர். வெளிநாட்டில் படித்தவர். ஒரு காதில் மட்டும் வளையம், மற்றக் காது சும்மா. ஏன் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. தோட்டங்களையும் வெள்ளைக்காரர் ஆட்சியையும் வைத்து ஒரு கலைக் கண்காட்சி செய்யப்போகிறார் என்று இயக்குநர் எங்களைக் கூட்டி வைத்து அறிமுகப்படுத்தினார். இயக்குநருக்குக் கலையும் வேண்டாம், வரலாறும் வேண்டாம். பத்திரிகையில் தன் போட்டோ வந்தால் போதும். கண்காட்சிக்கு 'வேரும் விலங்கும்' என்று பெயர். பாதிப் பேர் மிருகக்காட்சி என்று நினைத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தது பிற்பாடு நடந்த கதை.

முதல் கூட்டத்திலேயே மேடம் மேஜையைத் தட்டி, தோட்டம் என்பது அழகு இல்லை, அது ஒரு வன்முறை என்றார். மேடத்துக்கு மரியாதை செய்யலாமென்று ஒரு ரோஜாவைப் பறித்துக்கொண்டு வந்து ஓரமாக நின்றிருந்த கத்தரி அண்ணன், அதை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

மேடத்தின் திட்டம் பெரிது. முதல் அறையில் செடி வந்த கப்பல் பெட்டிகள். இரண்டாவதில், செடிகளுக்கு ஏற்கெனவே இருந்த பெயரை அழித்துவிட்டுத் தங்கள் மாமன் மச்சான் பெயரை வைத்த துரைமார்களின் பட்டியல். பிறகு வெளியே இறங்கினால் வேலி. அந்த வேலியைத் தாறுமாறாக வெட்டிக் காயப்படுத்த வேண்டும், அதுதான் அடிமைப்பட்டவர்களின் உடம்பு என்றார். சொன்னதோடு தலைநகரத்துக்குப் போய்விட்டார். கத்தரி அண்ணன் மூன்று நாள் தூங்கவில்லை. ஆயுளில் ஒரு தடவைகூட அவர் தாறுமாறாக வெட்டியதில்லை, கை வராது. கடைசியில் முளை அடித்து, நூல் கட்டி, அளந்து, வேலியில் ஏழு ஓட்டை போட்டார். ஏழும் ஒரே அளவு. ஒன்றுக்கொன்று ஒரே தூரம். திரும்பி வந்த மேடம் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவரோடு வந்த விமர்சகர் ஒருவர், ஆள்பவனின் ஒழுங்கு அடிமையின் காயத்துக்குள்ளும் புகுந்துகொண்டதை இதைவிட எப்படிக் காட்டுவது என்று உருகினார். உடனே மேடமும் எழுந்து நின்று, ஆமாம், அதைத்தான் தானும் நினைத்ததாகச் சொன்னார். அண்ணன் இரண்டு பேருக்கும் வளைந்தார்.

கண்காட்சியின் கடைசிக் கட்டம் தொழிலாளியின் குடில். தச்சர்கள் பிளைவுட்டில் ஒன்றைச் செய்து நிறுத்தினார்கள். பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்குப் போட்ட செட்டு மாதிரி இருந்தது. மேடத்துக்குக் கோபம் வந்து, போனில் யாரையோ திட்டிக்கொண்டே கண்ணாடிக் கூடத்துக்குப் பின்பக்கம் நடந்தவர், அண்ணியின் வீட்டைப் பார்த்துவிட்டார். அண்ணி அப்போது அடுப்பில் டீ வைத்துக்கொண்டிருந்தார். மேடம் வாசலில் நின்றபடி நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். உள்ளே வரலாமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் இயக்குநர் அண்ணனைக் கூப்பிட்டார். தொண்ணூறு நாள் மட்டும் வீட்டை அப்படியே, சாமான்களோடு விட்டுக்கொடுக்க வேண்டும்; அதுவரை வீட்டுக்கு எதிரே இருக்கிற விதைக் கிடங்கில் தங்கிக்கொள்ளலாம். இயக்குநர் 'தொண்ணூறு' என்பதை முடிப்பதற்குள் அண்ணன் தலையாட்டி முடித்துவிட்டார். விஷயம் கேட்ட அண்ணி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எழுதிக் குடுத்தாங்களா?"

"நீ சும்மா இரு. பெரியவங்க வாயால சொல்லியாச்சு. அதுக்கு மேல என்ன எழுத்து?"

விதைக் கிடங்கில் ஒரே ஒரு ஜன்னல். உர மூட்டை நாற்றம் தலையணைவரை ஏறியிருந்தது. அண்ணி அந்த ஜன்னல் வழியாகத் தன் வீட்டுக்கு நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் டிவி வெளியே வந்தது. பிளாஸ்டிக் வாளி வந்தது. வரலாற்றில் பிளாஸ்டிக் கிடையாதாம். பிறகு பெயின்டர் இரண்டு பேர் வந்து நீலச் சுவரைச் சுரண்டினார்கள். சுரண்டிய சுவரில் கரி பூசினார்கள். கரி போதவில்லை என்று மேடம் இன்னொரு கை பூசச் சொன்னார். ஈரம் ஊறிய மாதிரி திட்டுத் திட்டாகத் தெரிய ஒரு கலைஞரே தனியாக வந்து நான்கு நாள் உழைத்தார். அண்ணி எந்த ஈரத்தை ஒழிக்க மாரடித்தாரோ, அதே ஈரத்தைக் கூலி கொடுத்து வரவழைத்தார்கள்.

"நான் சுத்தமா வெச்சிருந்தது இவங்களுக்கு என்ன கேடு தம்பி?" என்று அண்ணி என்னிடம் கேட்டார். நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

வாசலில் வைக்கிற விளக்க அட்டை என்னிடம் சரிபார்க்க வந்தது. 'பெயர் அறியப்படாத தோட்டக்காரரின் இல்லம்' என்று இருந்தது. பெயர் தெரியுமே, அதோ ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே என்று மேடத்திடம் சொல்லிப் பார்த்தேன். மேடம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பேர் போட்டா அது ஒரு ஆளோட வீடு ஆயிடும். பேர் இல்லைன்னாதான் அது வரலாறு."

ஏணியைப் பிடித்தபடியே கத்தரி அண்ணன், மேடம் சொல்வது சரிதான் என்று தலையாட்டினார். சம்பந்தப்பட்டவரே ஒத்துக்கொண்ட பிறகு எனக்கென்ன போச்சு?

இனி வருவது நான் செய்த காரியம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் இரண்டு பதிவேடு. அருங்காட்சியகத்துக்கே சொந்தமானவை பெரிய பதிவேட்டில் ஏறும், ஏறினால் இறங்காது. வெளியாரிடமிருந்து தற்காலிகமாக வாங்குவது இரவல் பதிவேட்டில் ஏறும். அதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் உரிமையாளர் பெயரும் கையெழுத்தும் வேண்டும். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் காப்பீட்டுக்காரர்கள், வீட்டிலிருக்கிற எல்லாவற்றுக்கும் பதிவு எண் இன்றைக்கே வேண்டும் என்று வந்து நின்றார்கள். மொத்தம் அறுபத்தொரு பொருள். அடுப்பு, கட்டில், கண்ணாடி, டீ வைக்கிற பாத்திரம், அண்ணியின் தையல் பெட்டி. இரவல் பதிவேட்டை எடுத்தால் அண்ணனைத் தேடிப் பிடித்து அறுபத்தொரு கையெழுத்து வாங்க வேண்டும். அவர் ஒரு கையெழுத்துப் போட ஐந்து நிமிஷம் எடுப்பார். எனக்கோ சாப்பாட்டு நேரம். பெரிய பதிவேட்டைத் திறந்தேன். 'யாரிடமிருந்து பெறப்பட்டது' என்ற கட்டத்தில், துரை காலத்து வேலைக்காரர் சாமான்களுக்கு எல்லாம் எழுதி எழுதிப் பழகிய கை, 'அறியப்படவில்லை' என்று எழுதியது. அறுபத்தொரு தடவை எழுதியது. ஒரு தடவைகூட அந்தக் கைக்கு உறைக்கவில்லை. பிறகு போய்ச் சாப்பிட்டேன்.

திறப்பு விழா அமர்க்களம். வந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் கரிச்சுவரைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். ஒரு அம்மாள் அண்ணியின் கட்டிலைப் பார்த்து விசும்பி அழுதார். அண்ணி அந்தச் சமயம் அழைப்பிதழ் இல்லாத காரணத்தால் வேலியின் மூன்றாவது ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநரின் போட்டோ மூன்று பத்திரிகையில் வந்தது. ஒரு விருதும் வந்தது.

தொண்ணூறாம் நாள் முடிந்த மறுநாள் காலையில் அண்ணி சாவியை எடுத்துக்கொண்டு போனார். பூட்டு மாறியிருந்தது.

இயக்குநர் மிகவும் தன்மையாகத்தான் பேசினாராம். விருது கிடைத்த கண்காட்சியைக் கலைக்க முடியாது, நிரந்தரமாக வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சரி, வீடு உங்களுடையது, சாமானாவது கொடுங்கள் என்று அண்ணி கேட்டதற்குப் பெரிய பதிவேட்டை வரவழைத்துக் காட்டினாராம். அருங்காட்சியகச் சொத்து, பெறப்பட்டது யாரிடமிருந்து என்று தெரியவில்லை, தெரியாதவருக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது?

அண்ணி நேரே என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, தினம் பதினொரு மணிக்கு எங்க வீட்ல டீ குடிச்சீங்க. அந்தப் பாத்திரம் யாருதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. திருத்தம் போட்டு, தவறு என்னுடையது என்று நானே எழுதலாம். எழுதினால் விசாரணை வரும். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு. அதனால் சுற்றி வளைத்து வேறு வழி சொன்னேன். உரிமையாளரே 'இவை என்னுடையவை, திருப்பித் தாருங்கள்' என்று ஒரு மனு கொடுத்தால் மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. மனுவை நானே தட்டச்சு செய்து தருகிறேன். வீடு அண்ணன் பெயரில் ஒதுக்கியது என்பதால் அவர் கையெழுத்துத்தான் செல்லும்; ஒன்று போட்டால் போதும். அண்ணி என்னைச் சற்று நேரம் பார்த்தார். நான் எதை மறைக்கிறேன் என்று தெரிந்துகொண்ட பார்வை அது. ஆனாலும் மனுவை வாங்கிக்கொண்டு போனார்.

இயக்குநர் இதை மோப்பம் பிடித்துவிட்டார். மூன்றே நாளில் கத்தரி அண்ணனைக் கூப்பிட்டு, இந்த வயதில் வெயிலில் கிடந்து வேலி வெட்டுவானேன் என்று அக்கறையாக விசாரித்து, வேறு வேலை கொடுத்தார். குடிலுக்குக் காவலர். பித்தளைப் பொத்தான் வைத்த சீருடை, உட்கார ஒரு ஸ்டூல். காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணனுக்கு ஒரே பூரிப்பு. இஸ்திரி போட்ட சட்டை வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் உடம்பிலேயே ஏறியிருந்தது. அதற்கும் சேர்த்து வளைந்தாரோ என்னவோ, கூன் இன்னும் கொஞ்சம் கூடியது.

மனு கையெழுத்தாகவில்லை. மேடம் ஊருக்குப் போகட்டும் என்றார் அண்ணன். இயக்குநருக்குச் சளி பிடித்திருக்கிறது, இப்போது வேண்டாம் என்றார். சீருடை கொடுத்த கைக்கு எதிராக எப்படி எழுதுவது என்று என்னிடமே கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நன்றாகத் திட்டிவிட்டேன். ஒரு கையெழுத்துப் போட இவ்வளவு நடுக்கமா, நீங்களெல்லாம் ஒரு ஆம்பளையா என்றுகூடக் கேட்டேன். யார் கேட்டது பாருங்கள்.

மூன்று வாரம் ஓடியது. ஒரு சனிக்கிழமை அண்ணி சீருடையைத் துவைக்க எடுத்தபோது பைக்குள் மனு நாலாக மடித்தபடி இருந்திருக்கிறது. அண்ணன் மாற்றுச் சீருடையில் வேலைக்குப் போயிருந்தார். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு, மனுவையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு, நேரே குடிலுக்கு வந்துவிட்டார். அன்றைக்கென்று மேடம் வெளிநாட்டு விருந்தாளிகள் எட்டுப் பேரைக் கூட்டி வந்திருந்தார். இயக்குநரும் நின்றிருந்தார். விளக்கம் கேட்டால் பதிவு எண் சொல்ல நானும் நின்றிருந்தேன்.

அண்ணி கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். அடுப்பிலிருந்த டீப் பாத்திரத்தைக் கையில் எடுத்தார். வாசலில் எழுந்து நின்ற கணவனின் முகத்துக்கு நேரே அதை நீட்டினார்.

"இது யாருதுன்னு இவங்க முன்னாடி சொல்லுங்க. சொல்லிட்டு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. போதும்."

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அட, சொல்லித் தொலையும் ஐயா, ஒரே ஒரு தடவை நிமிர்ந்து சொல்லும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அண்ணனின் உதடு அசைந்தது. சொல்லத்தான் போனார் என்று இன்றுவரை நம்புகிறேன். அதற்குள் இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். சளியாகக்கூட இருக்கலாம். அண்ணனின் முதுகு வளைந்தது.

"தொடாதீங்கம்மா. கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க" என்றார்.

அண்ணி பாத்திரத்தை அடுப்பின்மேல், அது எப்போதும் இருக்கிற வாட்டத்தில், கைப்பிடி வலதுபக்கம் இருக்கும்படி வைத்தார். மனுவைக் கட்டிலின்மேல் போட்டார். வெளியே வந்து அண்ணனுக்கு எதிரே நின்றார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து இன்னைக்குத்தான் எனக்கு மரியாதை குடுத்துப் பேசியிருக்கீங்க" என்றார். திரும்பிப் பார்க்காமல் வேலியோரமாக நடந்து வாசலைத் தாண்டிப் போய்விட்டார். மகள் இருக்கிற ஊருக்குப் பேருந்து ஏறினார் என்பது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது.

விருந்தாளிகள் கைதட்டினார்கள். எட்டுப் பேரும் தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கத்தரி அண்ணன் அவர்கள் பக்கமும் வளைந்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார்.

மேடம் என்னைத் தனியே அழைத்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"யாரு அந்தம்மா? எவ்வளவு இயல்பா செஞ்சாங்க! வாரா வாரம் சனிக்கிழமை வந்து இதே மாதிரி செய்ய முடியுமான்னு கேட்டுப் பாருங்க."

வாயைத் திறந்தேன். சொல்ல வேண்டியது எல்லாம், அந்தம்மா யார், பாத்திரம் யாருடையது, பதிவேட்டில் எழுதிய கை யாருடையது என்பதெல்லாம், நாக்கு நுனிவரை வந்தது. இயக்குநர் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றேன்.